மோடுகளை வாசித்துப் பழகுவது எப்படி? மோகனமும் சுத்த தன்யாசியும் கையில் இருந்தால் போதும்

கிட்டாரோ கீபோர்டோ கற்கிற எல்லோருக்கும் ஒருநாள் மோடுகளின் அந்தப் பட்டியல் வந்து சேரும்; மோடு என்பது மேற்கத்திய இசையில் ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஒரு ஸ்கேல் வகை. அயோனியன், டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன். கூடவே ஒரு விளக்கமும் வரும்: சி மேஜர் ஸ்கேலை சி-யில் தொடங்கினால் அயோனியன், டி-யில் தொடங்கினால் டோரியன், இ-யில் தொடங்கினால் ஃப்ரிஜியன், இப்படியே ஏழு. ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அதற்கடுத்த வாரம் யாராவது டிரம்ஸ், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டால் அந்த ஏழு பெயர்களும் ஒன்றுக்கும் உதவாது.

எனக்கு அப்படித்தான் ஆனது. நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தோம். பேஸ் வாசித்தவர் சி-யை விட்டு நகரவே இல்லை. நான் டோரியன் வாசிக்கிறேன் என்ற நினைப்பில் டி-யிலிருந்து டி வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இரவு பதிவைப் போட்டுக் கேட்டால், பத்து நிமிடமும் பச்சையாக சி மேஜர். என் விரல் எங்கே தொடங்கியது என்பது கேட்பவர் காதுக்குத் தெரியவே இல்லை. எது சா என்பதை பேஸ் கிட்டார் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது.

தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. சுருதி எங்கே நிற்கிறதோ அங்கேதான் சா. மற்ற ஆறு ஸ்வரங்களும் அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் நிறம். மேற்கத்திய மோடுகளுக்கும் இதுவே விதி. அதனால் இந்த வழிகாட்டியில் 'எந்த நோட்டில் தொடங்குவது' என்ற பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரே சா-வை வைத்துக்கொண்டு ஸ்வரங்களை மாற்றிப் பார்க்கும் வழியில் போகப் போகிறோம்.

பெயர்களை முதலில் பழகிய இடத்தில் வைப்போம்

ஏழில் ஆறு நமக்கு மேளகர்த்தாவாகவே, அதாவது 72 தாய் ராகங்களில் ஒன்றாகவே, தெரிந்தவை. அயோனியன் சங்கராபரணம். டோரியன் கரகரப்ரியா. ஃப்ரிஜியன் தோடி. லிடியன் கல்யாணி. மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி. ஏயோலியன் நடபைரவி. ஏழாவதான லோக்ரியனுக்கு மட்டும் மேளகர்த்தாவில் இடம் இல்லை. அதில் பஞ்சமம் அரை ஸ்வரம், அதாவது கறுப்பும் சேர்த்து எண்ணினால் கீபோர்டில் ஒரு கட்டை, இறங்கிவிடுகிறது. 72 மேளத்தில் எதிலும் பஞ்சமம் அசையாது.

ஒரு ஸ்கேலின் சா-வை நகர்த்தி இன்னொன்றைப் பெறுவதைத்தான் கர்நாடக இசையில் கிரகபேதம் என்கிறோம். அதற்கும் முன்னால், சிலப்பதிகாரமும் அதன் பழைய உரைகளும் பேசுகிற ஏழு பாலைகள் இதே கணக்குதான். செம்பாலையை ஹரிகாம்போஜி என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். அதில் உழையை (மத்திமத்தை) குரலாக்கினால் (சா ஆக்கினால்) அரும்பாலை, அதாவது சங்கராபரணம். இளியை (பஞ்சமத்தை) குரலாக்கினால் கோடிப்பாலை, அதாவது கரகரப்ரியா. மேற்கே 1547-ல் கிளாரியன் என்ற சுவிஸ் இசை அறிஞர் தன் நூலில் அயோனியனையும் ஏயோலியனையும் சேர்த்து மோடுகளைப் பன்னிரண்டாக விரித்த கதை வேறு. வரலாறு இத்தனை போதும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டோரியன் கரகரப்ரியா அல்ல. கரகரப்ரியாவின் ஏழு ஸ்வரங்கள் மட்டுமே. தோடியின் காந்தாரத்தைக் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாமல் கீபோர்டில் நேராக அழுத்தினால் தோடி வராது, ஃப்ரிஜியன்தான் வரும். ராகத்துக்குப் பிடிப்பு உண்டு, நடை உண்டு, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம் எதில் நிற்கக் கூடாது என்பதுண்டு. மோடுக்கு அந்தச் சட்டங்கள் கிடையாது; அதற்குப் பதில் கார்டு என்ற ஒன்று, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்து, அடியில் ஓடுகிறது. ராகப் பெயரை இங்கே அடையாள அட்டையாக மட்டும் பயன்படுத்துகிறேன். வித்வான்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: சா-வை நிறுத்துங்கள்

எல்லாப் பயிற்சிக்கும் டி-யை சா-வாக வைத்துக்கொள்வோம். சுருதிப்பெட்டியோ செல்பேசிச் செயலியோ இருந்தால் 2 கட்டை, பஞ்சம சுருதி. கீபோர்டில் இடது கையால் டி-யையும் ஏ-யையும் பிடித்து ஸ்டிரிங்ஸ் ஒலியில் நிறுத்துங்கள். கிட்டாரில் இன்னும் எளிது. 6வது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிட்டால் அடியில் இருக்கும் மூன்று திறந்த கம்பிகளும் டி, ஏ, டி. உங்களிடமே ஒரு தம்புரா இருக்கிறது.

கீபோர்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு எல்லாப் பாட்டையும் சி-யில் வாசிக்கும் பழக்கம் மேடையில் வாசிப்பவர்கள் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. இந்தப் பயிற்சி முடியும்வரை அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடினால் ஸ்வரம் மாறுவது விரலுக்குத் தெரியாது.

படி 2: மோகனத்திலிருந்து மூன்று மோடுகள்

டி-யில் மோகனம்: டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. மேற்கில் இதை மேஜர் பென்டடானிக் என்பார்கள். ச ரி2 க3 ப த2. (எண் கூடினால் அதே ஸ்வரம் சற்று உயர்ந்தது; ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே, ஃப்ளாட் என்றால் கீழே.) ஐந்து நிமிடம் இதை மட்டும் வாசியுங்கள். எதை வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் உரசுகிற ஸ்வரம் எதுவும் இதில் இல்லை.

இதில் காலியாக இருப்பவை இரண்டு இடங்கள்தான்: மத்திமம், நிஷாதம். அந்த இரண்டையும் எப்படி நிரப்புகிறீர்கள் என்பதுதான் மேஜர் வகை மோடுகளின் மொத்த விஷயமும்.

ம1, நி2 சேர்த்தால், அதாவது ஜி, சி, மிக்ஸோலிடியன்.
ம1, நி3 சேர்த்தால், அதாவது ஜி, சி ஷார்ப், அயோனியன்.
ம2, நி3 சேர்த்தால், அதாவது ஜி ஷார்ப், சி ஷார்ப், லிடியன்.

வாசிக்கும்போது ஐந்து ஸ்வரங்களை வீடாகவும் புதிய இரண்டையும் விருந்தாளியாகவும் நினையுங்கள். மோகனத்தில் ஒரு சின்ன வாக்கியம் வாசித்து, நடுவில் ஒரே ஒரு முறை ஜி ஷார்ப்பைத் தொட்டு ஏ-க்குப் போங்கள். சட்டென்று அறை வெளிச்சமானது போல இருக்கும். அதே வாக்கியத்தில் ஜி ஷார்ப்புக்குப் பதில் ஜி-யைத் தொட்டு எஃப் ஷார்ப்புக்கு இறங்குங்கள். அடங்கிவிடும். இந்த வித்தியாசம் காதில் விழும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு மூன்று நாள் ஆனது.

கணக்குப் பிடித்தவர்கள் கேட்பார்கள்: ம2, நி2 என்று நாலாவது சேர்க்கை ஒன்று இருக்கிறதே? இருக்கிறது, வாசஸ்பதி. மேற்கத்திய ஏழு மோடுகளில் அது வராது. ஆனால் ஜாஸ் வாசிப்பவர்கள் அதை லிடியன் டாமினன்ட் என்று பெயரிட்டு விருப்பமாகப் பயன்படுத்துகிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: சுத்த தன்யாசியிலிருந்து மூன்று மோடுகள்

டி-யில் சுத்த தன்யாசி: டி, எஃப், ஜி, ஏ, சி. ச க2 ம1 ப நி2. கிட்டார்க்காரர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே கற்கும் மைனர் பென்டடானிக் பெட்டி இது. இங்கே காலியாக இருப்பவை ரிஷபமும் தைவதமும்.

ரி2, த2 சேர்த்தால், அதாவது இ, பி, டோரியன்.
ரி2, த1 சேர்த்தால், அதாவது இ, பி ஃப்ளாட், ஏயோலியன்.
ரி1, த1 சேர்த்தால், அதாவது இ ஃப்ளாட், பி ஃப்ளாட், ஃப்ரிஜியன்.

கிட்டாரில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 10வது ஃப்ரெட்டில் தொடங்கும் பென்டடானிக் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளிலும் 10, 13 ஃப்ரெட்டுகளில் வாசிப்பீர்கள். நடுவில் இரண்டு ஃப்ரெட்டுகள் சும்மா இருக்கின்றன. 2வது கம்பியில் 12 பி, 11 பி ஃப்ளாட். 1வது கம்பியில் 12 இ, 11 இ ஃப்ளாட். இரண்டு கம்பியிலும் 12 அழுத்தினால் டோரியன். 2வதில் 11, முதலாவதில் 12 என்றால் ஏயோலியன். இரண்டிலும் 11 என்றால் ஃப்ரிஜியன். புதிதாக எந்த ஸ்கேல் வடிவத்தையும் மனப்பாடம் செய்யாமல், தெரிந்த பெட்டிக்குள்ளேயே மூன்று மோடுகள்.

இங்கேயும் நாலாவது சேர்க்கை உண்டு: ரி1, த2. அது நாடகப்ரியா. அதுவும் இந்த ஏழுக்கு வெளியே.

மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், டோரியன் என்பேன். ராக், ஃபங்க், ஜாஸ் எதுவானாலும் மைனர் கார்டு ஒன்று நீண்ட நேரம் நிற்கிற இடத்தில் டோரியன் அநேகமாக ஒத்துப்போகும். த1 பஞ்சமத்தோடு அரை ஸ்வரத்தில் உரசும், த2 உரசாது. அதனால் டோரியனில் எங்கே வேண்டுமானாலும் நின்று மூச்சு விடலாம். ஃப்ரிஜியனில் அப்படி முடியாது. ரி1-இல் நின்றால் உடனே சா-வுக்கு இறங்கச் சொல்லிக் காது நச்சரிக்கும். அந்த நச்சரிப்புதான் அதன் அழகும்.

படி 4: ஒவ்வொரு படியாக இறங்குங்கள்

ஆறு மோடுகளும் தனித்தனியாக வந்த பிறகு அவற்றைக் கோத்துப் பார்க்கலாம். டி லிடியனில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்க வேண்டும். ஜி ஷார்ப் ஜி ஆனால் அயோனியன். சி ஷார்ப் சி ஆனால் மிக்ஸோலிடியன். எஃப் ஷார்ப் எஃப் ஆனால் டோரியன். பி, பி ஃப்ளாட் ஆனால் ஏயோலியன். இ, இ ஃப்ளாட் ஆனால் ஃப்ரிஜியன். கடைசியாக ஏ-யும் ஏ ஃப்ளாட் ஆனால் லோக்ரியன். அங்கே சுருதிப்பெட்டியின் பஞ்சமத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பல் கூசும்.

மிக வெளிச்சமான இடத்திலிருந்து மிக இருண்ட இடம்வரை ஆறே அடி. நடுவில் டோரியன். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு, அரை இடைவெளிகள் ஒரே வரிசையில் வருகிற ஒரே மோடு அதுதான், விகடகவி மாதிரி.

ஒவ்வொரு அடியிலும் ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள், மெட்ரோநோம் இல்லாமல். வெறுமனே ஏறி இறங்க வேண்டாம். இப்போது மாறிய ஸ்வரத்தைச் சுற்றியே நாலு வாக்கியம். மிக்ஸோலிடியனிலிருந்து டோரியனுக்குப் போகும்போது காந்தாரம் மாறுகிறதே, அந்த அடி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகக் கேட்கும். மேஜரிலிருந்து மைனருக்குத் தாண்டுகிற இடம் அது.

படி 5: அடியில் கார்டுகளைப் போடுங்கள்

சுருதிப்பெட்டி மட்டும் வைத்து வாசித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கூட்டாக வாசிக்கும்போது கார்டுகள் ஓடும். ஒவ்வொரு மோடுக்கும் இரண்டு மூன்று கார்டு கொண்ட ஒரு சுழற்சி இருக்கிறது. அதை, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடலிலோ செல்பேசியிலோ நாலு நிமிடம் பதிவு செய்து, அதன் மேல் வாசியுங்கள்.

டோரியனுக்கு டி மைனர் 7, ஜி 7. ஜி கார்டுக்குள் இருக்கும் பி-தான் த2; டோரியன் என்று அறிவிப்பதே அதுதான். மிக்ஸோலிடியனுக்கு டி, சி, ஜி, திரும்ப டி. ஏயோலியனுக்கு டி மைனர், பி ஃப்ளாட், சி. ஃப்ரிஜியனுக்கு டி மைனர், இ ஃப்ளாட் மேஜர், இரண்டே கார்டு. லிடியனுக்கு டி மேஜர், இ மேஜர். ஆனால் இரண்டுக்கும் அடியில் பேஸ் டி-யிலேயே நிற்க வேண்டும். அயோனியனுக்கு டி, ஜி, ஏ, எல்லோருக்கும் தெரிந்தது.

இந்தச் சுழற்சிகளில் ஒரு குழி இருக்கிறது, அதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். டி மைனர் 7, ஜி 7 என்று வாசித்துக்கொண்டே போய், ஆசைப்பட்டு ஒரு சி மேஜர் போட்டுவிட்டால் தீர்ந்தது. காது சி-யைத்தான் சா என்று பிடித்துக்கொள்ளும், டோரியன் மறைந்துவிடும். மிக்ஸோலிடியனிலும் ஜி-யில் அதிக நேரம் உட்கார்ந்தால் அதுவே சா ஆகிவிடும். லிடியனில் இ மேஜர் வரும்போது பேஸும் இ-க்குப் போய்விட்டால், அடுத்து ஏ மேஜர் வரும் என்று காது காத்திருக்க ஆரம்பிக்கும். கார்டு சுழற்சி எத்தனை அழகாக இருந்தாலும், பேஸ் அடிக்கடி சா-வுக்குத் திரும்பாவிட்டால் மோடு நிற்காது. பேஸ் வாசிக்கும் நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தாவது இதைப் புரியவைத்துவிடுங்கள்.

படி 6: ஸ்கேலை வாக்கியமாக்குவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மோடு தெரியும், கார்டு ஓடுகிறது, விரல் ஏறி இறங்குகிறது. கேட்டால் சரளி வரிசை மாதிரி இருக்கிறது.

ஆலாபனையிலிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம். நல்ல பாடகர் ஏழு ஸ்வரத்தையும் முதல் நிமிடத்திலேயே கொட்டிவிடுவதில்லை. சா-வைச் சுற்றி நிற்பார், அப்புறம் காந்தாரத்தில் போய் இளைப்பாறுவார், பிறகு பஞ்சமம். அதே மாதிரி டோரியன் லூப்பின் மேல் முதல் ஒரு நிமிடம் டி, இ, எஃப் மூன்று நோட்டுகள் மட்டும். நீளம் குறைந்தது, கூடியது, இடைவெளி விட்டது, அடித்துத் திருப்பியது என்று தாளத்தில் மட்டும் வித்தியாசம் காட்டுங்கள். இரண்டாவது நிமிடம் ஏ-யைச் சேருங்கள். மூன்றாவது நிமிடம்தான் பி. அந்த பி வரும்போது, இரண்டு நிமிடம் ஒளித்து வைத்திருந்ததால், அதற்கு ஒரு எடை இருக்கும்.

நிறம் தருகிற ஸ்வரத்தை, டோரியனில் த2, லிடியனில் ம2, ஃப்ரிஜியனில் ரி1, மிக்ஸோலிடியனில் நி2, எங்கே வைப்பது என்பதில் என் அனுபவம் இது. வாக்கியத்தின் கடைசியில் ஒவ்வொரு முறையும் அதில் போய் நின்றால் 'பார், நான் லிடியன் வாசிக்கிறேன்' என்று பலகை பிடித்த மாதிரி ஆகும். நாலு வாக்கியத்தில் ஒன்றில் நின்று, மற்றவற்றில் கடந்து போவது நன்றாக இருக்கிறது. நிற்பதற்கு ச, க, ப போதும்.

இன்னொரு கடன் கற்பனாஸ்வரத்திலிருந்து. அங்கே ஒவ்வொரு சுற்றும் எடுத்துக்கொண்ட வரியின் எடுப்பில், அதாவது அது தொடங்கும் இடத்தில், வந்து சேர வேண்டும். அதே மாதிரி நீங்களே ஒரு சின்ன எடுப்பு அமைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஏ, சி, டி. நாலு பார் (பார் என்பது பொதுவாக நாலு அடி கொண்ட தாள அளவு) மனம்போல வாசித்து, நாலாவது பாரின் கடைசியில் அந்த மூன்று நோட்டில் சரியாக வந்து இறங்க வேண்டும். பிறகு எட்டு பார். இதைப் பத்து நாள் செய்தால் இம்ப்ரொவைசேஷனில் பாதி பயம் போய்விடும், ஏனென்றால் எங்கே போனாலும் வீட்டுக்கு வரும் வழி கைக்குத் தெரிந்திருக்கும்.

படி 7: நிஜப் பாட்டில் மோடு எங்கே உதவும், எங்கே உதவாது

முதலில் உதவாத இடம். சி-யில் ஒரு பாட்டு, டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று கார்டு போகிறது. ஜாஸில் இது தெருவுக்குத் தெரு கிடைக்கும். டி-க்கு டோரியன், ஜி-க்கு மிக்ஸோலிடியன், சி-க்கு அயோனியன் என்று யோசிக்கச் சொல்வார்கள். மூன்றிலும் இருப்பது அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான்! கார்டு இரண்டு விநாடியில் மாறும்போது மூன்று பெயர் யோசித்து என்ன லாபம்? அதற்குப் பதில் கார்டுக்குள் இருக்கும் நோட்டுகளைத் துரத்துங்கள். டி மைனர் 7-இன் சி, ஜி 7 வரும்போது பி ஆக இறங்கும். ஜி 7-இன் எஃப், சி வரும்போது இ ஆக இறங்கும். இந்த இரண்டு அரை ஸ்வர இறக்கங்களைச் சரியான நேரத்தில் வாசித்தாலே, துணைக்கு வாசிப்பவர் இல்லாமலே கார்டு மாறுவது கேட்கும்.

உதவும் இடம், பாட்டின் ஸ்கேலுக்குள் இல்லாத கார்டு திடீரென்று வரும்போது. டி மேஜரில் ஒரு பாட்டு. நடுவில் சி மேஜர் கார்டு வந்துவிட்டது. உங்கள் ஸ்கேலில் இருப்பதோ சி ஷார்ப். அந்த ஒரு பாருக்கு மட்டும் நி3-ஐ நி2 ஆக்கிவிடுங்கள். அவ்வளவுதான், மிக்ஸோலிடியன் என்ற பெயர்கூட நினைவுக்கு வர வேண்டியதில்லை. அதே பாட்டில் ஜி மைனர் வந்தால் அதன் பி ஃப்ளாட்டுக்காக த2-ஐ த1 ஆக்குங்கள். கை சரசாங்கி, சாருகேசி பக்கம் போய்த் திரும்பும். டி மைனர் பாட்டில் ஏயோலியன் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஏ 7 வந்தால் அதற்குள் சி ஷார்ப் இருக்கிறது. அந்தக் கணம் மட்டும் நடபைரவி கீரவாணி ஆக வேண்டும். மைனர் பாட்டுகளில் மேடையில் அதிகம் கேட்கிற அபஸ்வரம் இந்த இடத்தில்தான் விழுகிறது.

ப்ளூஸ் இன்னொரு தனி உலகம். ஏ-யில் 12 பார் ப்ளூஸ் என்றால் ஏ 7, டி 7, இ 7. மூன்றுமே மிக்ஸோலிடியன் கார்டு, ஆனால் ஒவ்வொன்றும் தன் சொந்த மிக்ஸோலிடியன். ஏ 7-இல் சி ஷார்ப்பும் ஜி-யும். டி 7 வந்ததும் சி ஷார்ப் சி ஆகிறது, ஜி எஃப் ஷார்ப் ஆகிறது. ஐந்தாவது பாரின் முதல் அடியில் அந்த சி-யைச் சரியாகத் தட்டிவிட்டால் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார். மற்ற நேரமெல்லாம் ஏ மைனர் பென்டடானிக்கில் உருண்டுகொண்டிருந்தால் போதும். ப்ளூஸில் மேஜர் காந்தாரத்துக்கும் மைனர் காந்தாரத்துக்கும் நடுவில் கம்பியை இழுத்து நிற்பதே ருசி; கமகம் தெரிந்தவருக்கு அது புதிதில்லை.

பாட்டைக் கேட்டு மோடு கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். பாட்டு ஓடும்போது வாயை மூடி 'ம்' என்று ஒரு நோட்டைப் பிடிப்பேன், பாட்டு அதில் முடிந்தால் திருப்தியாக இருக்கும் என்று தோன்றும் நோட்டு. அதுதான் சா. அடுத்து காந்தாரம். க3 என்றால் மோகனத்தின் வீடு. மத்திமமும் நிஷாதமும் எப்படி என்று மட்டும் பார்த்தால் போதும். க2 என்றால் சுத்த தன்யாசியின் வீடு, ரிஷபம், தைவதம். மூன்று கேள்வியில் விடை வந்துவிடும்.

படி 8: ஒரு முழு அமைப்பின் மேல்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸோ வாட்' மோடுகளைப் பழக இன்றும் நல்ல களம். 32 பார். முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் இ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 பார் திரும்ப டி டோரியன். ஓடித் துரத்த வேண்டிய கார்டு எதுவும் இல்லை. சொல்வதற்கு எளிது, வாசிக்க அவ்வளவு எளிதில்லை. காரணம், 24 பார் ஒரே மோடில் இருப்பதால் எண்ணிக்கை தவறிவிடும். 16 முடிந்ததா 12-தானா என்று தெரியாமல் நடுவில் தொங்குவோம். ஆரம்பத்தில் எட்டு பாருக்கு ஒரு முறை வேண்டுமென்றே பெரிய இடைவெளி விடுங்கள். எண்ணவும் நேரம் கிடைக்கும், கேட்கவும் நன்றாக இருக்கும்.

இ ஃப்ளாட்டுக்குத் தாண்டும் இடத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டி டோரியனுக்கும் இ ஃப்ளாட் டோரியனுக்கும் பொதுவான நோட்டுகள் இரண்டே: எஃப், சி. 16வது பாரின் கடைசியில் சி-யைப் பிடித்து அப்படியே நீட்டுங்கள். டி-யில் அது சாதாரண நி2. பார் மாறியதும், விரலை எடுக்காமலேயே, அது இ ஃப்ளாட்டின் த2 ஆகிவிடுகிறது, டோரியனின் நிறம் தருகிற ஸ்வரமே அதுதான். அடியில் தரை நகர்ந்து நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பது மாதிரி இருக்கும். இதை முதல் தடவை செய்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டேன்.

லோக்ரியனை என்ன செய்வது? ஏ மைனர் பாட்டில் பி ஹாஃப் டிமினிஷ்டு கார்டு வந்து இ 7-க்குப் போகும்போது, அந்த ஒரு பாரில் உங்களை அறியாமலே அதை வாசித்திருப்பீர்கள். தனியாக உட்கார்ந்து பழகுகிற அளவுக்கு அதற்கு வேலை இல்லை என்பது என் கருத்து. மெட்டல் வாசிப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எவ்வளவு நேரம், எந்த வரிசையில்

ஒரு நாளைக்கு அரை மணி போதும். சா-வை நிறுத்திப் பத்து நிமிடம், லூப்பின் மேல் பதினைந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் வாசித்ததைப் பதிவில் கேட்க. ஒரு மோடுக்கு ஒரு வாரம். டோரியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லிடியன், ஃப்ரிஜியன் என்ற வரிசையில் போகலாம். ஏழையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்ப்பதில் புண்ணியமில்லை. டோரியன் ஒன்றையே ஒரு மாதம் வாசித்துவிட்டு மேடை ஏறினவர்களை எனக்குத் தெரியும். யாரும் குறை சொல்லவில்லை.

வார இறுதியில் ஒரு சோதனை. சுருதிப்பெட்டியை அணைத்துவிடுங்கள், லூப்பையும் நிறுத்துங்கள். இசை தெரிந்த ஒருவரை எதிரே உட்காரவைத்து, கூட எதுவும் இல்லாமல், அந்த வாரத்து மோடில் ஒரு நிமிடம் வாசியுங்கள். முடித்ததும், "சா எங்கே இருக்கு, பாடு" என்று கேளுங்கள். டி டோரியன் வாசித்தீர்கள், அவர் டி-யைப் பாடினால் அடுத்த வாரம் அடுத்த மோடு. சி-யைப் பாடினால் வாக்குவாதம் செய்யாமல் மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.